பனியில் பாதை வகுத்த பட்டறைக்காரர்

விடுமுறைக்கு வீடு திரும்பும் வெள்ளிக்கிழமை மாலையில், தோளில் ஒரு பையும் கையில் ஒரு பையுமாக யுனிவர்சிட்டி எல்.ஆர்.டி. நிலையத்தில் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. இன்று கிளானா ஜெயா தடம் என்று அழைக்கப்படும் அந்தத் தடம் 1998இல் ஓடத் தொடங்கியது. அதற்கான ரயில்களைச் செய்து கொடுத்த கனடிய நிறுவனத்தின் பெயர் பொம்பார்டியர். இயந்திரப் பொறியியல் மாணவன் என்ற முறையில் அந்தப் பெயர் எனக்கு முன்பே பழக்கம். ஆனால், அது ஒரு மனிதரின் குடும்பப்பெயர் என்பதும், அந்த மனிதர் ரயிலோ விமானமோ செய்தவர் அல்லர் என்பதும், பனியில் ஓடும் வண்டி செய்த ஒரு கிராமத்துப் பட்டறைக்காரர் என்பதும் எனக்கு வெகுநாள் தெரியாது. அதை நான் அறிந்துகொண்ட இடம் நூலகம் அன்று. கைகளில் கிரீஸ் அப்பியிருக்க, குளிரில் விரல்கள் விறைத்திருக்க, கியூபெக் மாநிலத்தில் ஒரு வீட்டின் பின்புறத்துப் பட்டறையில்தான் அந்த வரலாறு எனக்குத் தொடங்கியது.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் ஒரு குளிர்காலப் பருவத்தை நான் ஷெர்புரூக் நகரில் கழித்தேன். வயதான தம்பதியரின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தேன். பெரியவர் ஓய்வு பெற்றவர். அவரிடம் பழைய ஸ்னோமொபைல் ஒன்று இருந்தது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் அகன்ற ரப்பர் பட்டை, நடுவில் மோட்டார் சைக்கிளைப் போல ஓர் இருக்கை. பனியூர்தி என்று தமிழில் சொல்லலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பின்னால் உட்கார வைத்து, காட்டுத் தடத்தில் அழைத்துச் சென்றார். பனி என்றால் பஞ்சு மெத்தை என்று எண்ணியிருந்த எனக்கு அன்று நல்ல பாடம் கிடைத்தது. பல வண்டிகள் ஓடி ஓடி, அந்தத் தடம் துணி துவைக்கும் பலகையைப் போல வரி வரியாக மேடு பள்ளமாகியிருந்தது. ஒவ்வொரு மேடும் முதுகெலும்பில் வந்து இடித்தது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சடக்கில் லோரியின் பின்புறம் உட்கார்ந்து போனவர்களுக்கு அந்த வலி புரியும்.

வீடு திரும்பியதும் பெரியவர் காரணத்தைச் சொன்னார். பின்புற சஸ்பென்ஷன் தேய்ந்துவிட்டது. அவருடைய மனைவிக்கு முதுகில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. ஏரிக்கரையில் இருக்கும் மகளின் குளிர்கால வீட்டுக்கு அந்தத் தடம் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு குளிர்காலமாக அந்த அம்மையார் அங்குப் போகவில்லை. அந்த வண்டியில் ஏறினால் அவர் முதுகு தாங்காது. அந்த ஆண்டு எப்படியாவது அதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று பெரியவர் தீர்மானித்திருந்தார். பொறியியல் மாணவன் வீட்டில் இருக்கும்போது அவருக்கு வேறு துணை எதற்கு?

பட்டைக்குள் இருந்த பாடம்

பனியூர்தியின் பின்புற சஸ்பென்ஷன் முழுவதும் ரப்பர் பட்டையின் வளையத்துக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பாதிகூடத் தெரியாது. பட்டையின் இறுக்கத்தைத் தளர்த்தி, உடலோடு பிணைத்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளிருக்கும் சட்டத்தை வெளியே இழுத்தோம். நீளமான இரண்டு அலுமினியத் தண்டவாளங்கள். அவற்றை வண்டியின் உடலோடு இணைக்கும் முன்கை ஒன்று, பின்கை ஒன்று. ஒவ்வொரு கைக்கும் ஓர் அதிர்வுதாங்கி. பின்கைக்கு இருபுறமும் தடித்த முறுக்கு ஸ்பிரிங்குகள். தண்டவாளத்தின் அடியில் பிளாஸ்டிக் பட்டிகள் பொருத்தப்பட்டிருக்கும். ரப்பர் பட்டை அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு சுழலும். அந்த உராய்வின் சூட்டைத் தணிப்பதற்கு எண்ணெய் இல்லை. தடத்திலிருந்து தெறிக்கும் பனிதான் குளிர்விக்கிறது, வழுவழுப்பும் தருகிறது. பனி இல்லாத இடத்தில் நெடுநேரம் ஓட்டினால் அந்தப் பிளாஸ்டிக் உருகிவிடும்.

அதிர்வுதாங்கிகள் இரண்டும் எண்ணெய் கசிந்து உயிரற்றுக் கிடந்தன. வாயு நிரப்பிய, கழற்றிப் பழுது பார்க்கக்கூடிய புதியவற்றைப் பெரியவர் வாங்கி வைத்திருந்தார். தேய்ந்த பிளாஸ்டிக் பட்டிகளையும், பேரிங் கரகரத்த சிறு சக்கரங்களையும் மாற்றினோம். அடுத்தது ஸ்பிரிங். கடினமான ஸ்பிரிங் போட்டால் வண்டி உறுதியாகும் என்று நான் எண்ணினேன். பெரியவர் தலையசைத்து மறுத்தார். ஸ்பிரிங்கின் வலிமை வண்டியைப் பார்த்து முடிவு செய்யப்படுவதில்லை, அதில் உட்காரப் போகிறவரின் எடையைப் பார்த்தே முடிவு செய்யப்படுகிறது. ஆள் ஏறி உட்கார்ந்ததும், சஸ்பென்ஷன் அசையக்கூடிய மொத்தத் தூரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை வண்டி தாழ வேண்டும். தாழாவிட்டால் ஸ்பிரிங் மிகக் கடினம். பள்ளம் வரும்போது பட்டை கீழிறங்கித் தரையைத் தொடாது. அளவுக்கு மீறித் தாழ்ந்தால் மேட்டில் மோதி அடிதட்டும். முன்கையைக் கட்டியிருக்கும் வார்ப்பட்டையை ஒரு துளை குறைத்தால் எடை முன்னால் போய்ச் சறுக்குக் கட்டைகள் நன்றாகப் பிடிக்கும். ஒரு துளை கூட்டினால் எடை பின்னால் வரும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று மாறுகிறது. பாடநூலில் ஒரே பக்கத்தில் படித்துவிட்ட செய்தியை அந்தப் பட்டறையில் மூன்று நாள் படித்தேன்.

இதையெல்லாம் முதலில் யார் யோசித்தார் என்று நான் கேட்டேன். பெரியவர் விடை சொல்லவில்லை. மறுநாள் காலையில் காரில் ஏற்றி, ஒரு மணி நேரத்துக்குள் சென்று சேரக்கூடிய வல்கூர் என்னும் சிற்றூருக்கு அழைத்துப் போனார். அங்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு பழைய பட்டறையும் அங்கே அப்படியே பாதுகாக்கப்பட்டு வருகிறது. அந்தப் பட்டறையின் உரிமையாளர்தான் ஜோசப் ஆர்மாண்ட் பொம்பார்டியே. பிரெஞ்சு மொழியில் பெயரின் கடைசி எழுத்து ஒலிப்பதில்லை.

தந்தை தந்த பழைய எஞ்சின்

அவர் 1907 ஏப்ரல் 16ஆம் நாள் வல்கூரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். தந்தை ஆல்ஃபிரட் விவசாயி. பின்னர்க் கடை வைத்தவர். மூத்த மகன் பாதிரியாராக வேண்டும் என்பது குடும்பத்தின் ஆசை. பதினான்கு வயதில் ஷெர்புரூக் நகரிலிருந்த சமயக் கல்லூரியில் சேர்த்தார்கள். பையனின் மனமோ இயந்திரங்களில்தான் இருந்தது. பழைய கடிகாரத்தின் உறுப்புகளைக் கொண்டு ஓடும் பொம்மைகள் செய்துகொண்டிருந்தான். வீட்டிலுள்ள பொருள்களைக் கழற்றுவதை நிறுத்தினால் போதும் என்று தந்தை அவனுக்குப் பழைய ஃபோர்டு மாடல் டி காரின் எஞ்சின் ஒன்றைக் கொடுத்தார்.

1922 டிசம்பர் 31. பதினைந்து வயது ஆர்மாண்டும் தம்பி லெயோபோல்டும் பட்டறையிலிருந்து விசித்திரமான ஒன்றை வெளியே கொண்டு வந்தார்கள். மரச் சறுக்குவண்டி, அதன் மேல் அந்த எஞ்சின், பின்னால் விமானத்துக்கு இருப்பது போல் சுழலும் மர விசிறி. அது ஊர்த் தெருவில் உறுமிக்கொண்டு ஓடியபோது மக்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். தந்தை மட்டும் அந்த விசிறியைப் பார்த்தார். யாருடைய கையாவது போய்விடும் என்று அஞ்சி, வண்டியை உடனே பிரித்துவிடும்படி கட்டளையிட்டார். மகன் கீழ்ப்படிந்தான். ஆனால், பனியின் மேல் ஒரு வண்டி ஓடும் என்பதை அவன் பார்த்துவிட்டான். அதைப் பிரித்துப் போட யாராலும் முடியாது.

பதினேழு வயதில் சமயக் கல்லூரியை விட்டு விலகினார். பட்டறைகளில் வேலை பழகினார். மொன்ட்ரியால் நகரில் பகலில் வேலை, மாலையில் இயந்திரவியலும் மின்னியலும் பயின்றார். தொழில்நுட்ப இதழ்கள் ஆங்கிலத்தில் இருந்ததால் ஆங்கிலம் கற்றுக்கொண்டார். தாய்மொழியில் வாழ்ந்துகொண்டே வேறொரு மொழியில் தொழில் பயின்ற அந்த அனுபவம் நமக்குப் புதியதல்ல. 1926இல், பத்தொன்பதாம் வயதில், தந்தையின் கடனுதவியோடு வல்கூரில் சொந்தப் பட்டறை திறந்தார். 1929இல் இவோன் லாப்ரெக் என்பவரை மணந்தார்.

அக்காலத்தில் கியூபெக்கின் கிராமச் சாலைகளில் குளிர்காலத்தில் பனி அகற்றப்படுவதில்லை. மாதக்கணக்கில் கார்கள் கொட்டகையில் முடங்கிக் கிடக்கும். குதிரை வண்டிதான் துணை. கார் ஓடாத காலத்தில் பட்டறைக்கும் வேலை குறைவு. அந்த ஓய்வான மாதங்களை அவர் பனியூர்தி சோதனைகளுக்குச் செலவிட்டார். ஒரு வண்டி செய்வார். பனியில் புதைந்து நிற்கும். மறு ஆண்டு வேறொன்று செய்வார். இந்தத் துறையில் அவர் தனியாக இல்லை. ரப்பர் பட்டையில் ஓடும் காரை கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ரஷ்யாவில் ஏற்கெனவே செய்திருந்தார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கார்ல் எலியாசன் 1924இல் ஒரு மோட்டார் சறுக்குவண்டி செய்திருந்தார். பொம்பார்டியே தேடியது ஆழமான, மெதுவான பனியிலும் குடும்பத்தோடு செல்லக்கூடிய வண்டியை.

அந்த ஓர் இரவு

1934ஆம் ஆண்டின் குளிர்காலம். அவருடைய இரண்டு வயது மகன் ஈவோனுக்குக் குடல்வால் அழற்சி. அது முற்றி வயிற்றறை முழுவதும் நஞ்சு பரவிவிட்டது. அறுவை சிகிச்சை செய்யக்கூடிய மருத்துவமனை ஷெர்புரூக்கில், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரத்தில். சாலை முழுவதும் பனி. பட்டறையில் இருந்த சோதனை வண்டி ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துவிட்டது.

அருங்காட்சியகத்தில் இந்தச் செய்தி ஒரு சிறு பலகையில்தான் இருக்கிறது. அதற்கு முன் நான் வெகுநேரம் நின்றேன். பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பனிவண்டி செய்துகொண்டிருந்த மனிதர். ஊரில் எந்த இயந்திரம் நின்றாலும் ஓடவைக்கத் தெரிந்தவர். தம் குழந்தைக்கு வண்டி தேவைப்பட்ட ஓர் இரவில் அவரிடம் ஓடும் வண்டி இல்லை. பொறியாளன் ஒருவனுக்கு இதைவிடக் கொடிய தண்டனை எது? மனம் உடைந்து பட்டறையை மூடியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பட்டறைக்குத் திரும்பினார். அதுவரை அவர் செய்த சோதனைகளுக்கு ஆர்வம் காரணம். அதன் பிறகு செய்தவற்றுக்கு வேறொரு காரணம் இருந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

1935இல் அவருக்கு விடை கிடைத்தது. அது வண்டியின் பின்புறத்தில் இருந்தது. ரப்பர் போர்த்திய ஒரு பற்சக்கரம். அதன் பற்களில் பொருந்திச் சுழலும் பட்டை. இரண்டு ரப்பர் வார்களைக் குறுக்கே எஃகுச் சட்டங்களால் இணைத்துச் செய்த பட்டை அது. வண்டியின் எடை நீண்ட பரப்பில் பரவுவதால் பனியில் புதைவதில்லை. பட்டை வளைந்து கொடுப்பதால் மேடு பள்ளத்தோடு அது இசைந்து செல்லும். 1937இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் அமரும் அந்த வண்டிக்கு பி7 என்று பெயர். முதலெழுத்து அவர் பெயரைக் குறிக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1930களில் உலகின் இயற்கை ரப்பரில் பெரும் பங்கு மலாயாவின் தோட்டங்களிலிருந்து சென்றது. விடியுமுன் எழுந்து அந்தப் பால்மரங்களைச் சீவியவர்களில் கணிசமானோர் நம் பாட்டன் பாட்டிமார். பனியையே கண்டிராத அவர்கள் சேகரித்த பால், உலகமெங்கும் எத்தனையோ சக்கரங்களில் ஓடிக்கொண்டிருந்தது.

பி7 வண்டிகளை வாங்கியவர்களில் மருத்துவர்கள் பலர். தபால் கொண்டு சென்றவர்களும், பாதிரியார்களும், விடுதிக்காரர்களும் வாங்கினார்கள். பனியால் அடைபட்ட ஊர்களுக்கு முதன்முதலாகக் குளிர்காலத்தில் மருத்துவர் வரத் தொடங்கினார். 1942இல் அவர் தம் நிறுவனத்தை முறைப்படி பதிவு செய்தார். பன்னிரண்டு பேர் அமரும் பி12 வந்தது. வட்டச் சன்னல்களோடு கப்பல் போலிருக்கும் அந்த வண்டியை மனிடோபா மாநிலத்தில் உறைந்த ஏரிகளின் மேல் மீன் பிடிப்போர் பல பத்தாண்டுகள் பயன்படுத்தினார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லச் சி18 வந்தது. போர்க்காலத்தில் அரசாங்கத்தின் ஆணைப்படி படைக்கும் வண்டிகள் செய்தார்.

மீண்டும் முதலிலிருந்து

1948இல் கியூபெக் அரசாங்கம் கிராமச் சாலைகளிலும் குளிர்காலத்தில் பனியை அகற்ற முடிவு செய்தது. மக்களுக்கு அது நல்ல செய்தி. பொம்பார்டியேவின் தொழிற்சாலைக்கோ பேரிடி. சாலை திறந்துவிட்டால் பனியூர்தி எதற்கு? விற்பனை சரிந்தது. எந்தக் குறையைத் தீர்க்க அவர் பாடுபட்டாரோ, அந்தக் குறையை அரசாங்கம் வேறு வழியில் தீர்த்துவிட்டது. அவர் அதை எதிர்த்துக் காலம் கழிக்கவில்லை. சாலையே போகாத இடங்கள் இன்னும் இருந்தன. சதுப்பு நிலத்திலும் காட்டிலும் ஓடும் மஸ்கெக் என்னும் பட்டை டிராக்டரை 1953இல் வெளியிட்டார். தொழிற்சாலை மீண்டும் தழைத்தது.

இளமையில் அவர் கண்ட கனவு ஒன்று பாக்கியிருந்தது: ஒருவரோ இருவரோ ஏறிச் செல்லும் சிறு வண்டி. 1930களில் அதற்கேற்ற இலேசான எஞ்சின் இல்லாததால் அதைக் கைவிட்டிருந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின் இலேசான எஞ்சின்கள் கிடைத்தன. மகன் ஜெர்மேன் இணைப்பே இல்லாத அகன்ற ரப்பர் பட்டையை உருவாக்கத் துணை நின்றார். 1959இல் ஸ்கி-டூ பிறந்தது. எடை ஏறத்தாழ 150 கிலோகிராம். நாய்கள் இழுக்கும் வண்டிக்கு மாற்று என்பதால் ஸ்கி-டாக் என்று பெயரிட எண்ணியதாகவும், அச்சில் ஓர் எழுத்து மாறி ஸ்கி-டூ ஆனதாகவும் கூறுவர். முதல் வண்டிகளில் ஒன்று ஒன்டாரியோ மாநிலத்தின் வடகோடியில் பூர்வகுடி மக்களிடையே பணியாற்றிய ஒரு பாதிரியாருக்குச் சென்றது. முதல் பருவத்தில் விற்றவை 225. பின்னர் அது ஆயிரக்கணக்கில் பெருகியது. வாழ்வதற்காகச் செய்த வண்டியில் மக்கள் விளையாட்டாகவும் சுற்றத் தொடங்கினார்கள்.

அந்த முதல் ஸ்கி-டூ வண்டியை நான் குனிந்து பார்த்தேன். பட்டைக்குள் தண்டவாளம் இல்லை. ஸ்பிரிங் பொருத்திய சிறு சக்கரங்களின் தொகுதிகள்தான் பட்டையைப் பனியோடு அழுத்திக்கொண்டிருந்தன. எங்கள் பட்டறையில் நான் பிரித்துப் போட்ட சறுக்குத் தண்டவாள முறை 1960களின் இறுதியிலிருந்துதான் பரவியது. அதில் போட்டி நிறுவனங்களின் பங்கும் பெரிது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை. 1964 பிப்ரவரி 18ஆம் நாள், 56ஆம் வயதில், புற்றுநோயால் காலமானார். அவர் பெயரில் நாற்பதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் இருந்தன. நிறுவனம் பின்னர் ரயிலுக்கும் விமானத்துக்கும் போனது. பனியூர்திப் பிரிவு 2003இல் தனி நிறுவனமானது. ரயில் பிரிவு 2021இல் வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியது. பெயர் மட்டும் பல நாடுகளில் நிற்கிறது.

வீடு திரும்பிய பின் எஞ்சிய வேலையை முடித்தோம். பட்டையை மீண்டும் பூட்டினோம். மிக இறுக்கினால் தேயும். மிகத் தளர்த்தினால் பற்சக்கரத்தில் தாவும். அளவு பார்த்து நிறுத்தினோம். பிறகு பெரியவர் உள்ளே போய் மனைவியை அழைத்து வந்து வண்டியில் உட்கார வைத்தார். தாமும் முன்னால் ஏறி உட்கார்ந்தார். நான் அளவுகோலோடு பின்னால் மண்டியிட்டு, வண்டி எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்து ஸ்பிரிங்கை ஒரு படி குறைத்தேன். மறுநாள் இருவரும் புறப்பட்டுச் சென்றார்கள். இருட்டும் வேளையில் மகள் வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. அம்மையார் வந்து சேர்ந்துவிட்டார், முதுகுக்கு ஒன்றுமில்லை.

நண்பர்களே, நானும் உங்களைப் போலவே புள்ளிகளுக்காகவும் தேர்வுக்காகவும் படித்தவன்தான். விசையையும் வேகத்தையும் கணக்கிட்டபோது, அதன் மேல் உட்காரப் போவது யார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வல்கூரில் அந்தக் கேள்வியைக் கற்றுக்கொண்டேன். ஒரு குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு போக முடியாமற்போன தந்தையின் பட்டறையிலிருந்து, அடுத்தவர் குழந்தைகள் போய்ச் சேர ஒரு வண்டி வந்தது. இப்போதெல்லாம் யுனிவர்சிட்டி நிலையத்தில் ரயிலுக்காகக் காத்திருக்கும்போது எனக்கு அந்த வட்டச் சன்னல் வண்டி நினைவுக்கு வருகிறது. கூடவே, அளவுகோலோடு பனியில் மண்டியிட்டிருந்த அந்த மாலையும்.